‘விடு’ என்றால் காலை எடுக்க வேண்டும்

எஞ்சினுக்குப் பெட்ரோல் அளந்து ஊட்டுவதுதான் எங்கள் தொழில். அளவு கூடினால் புகை, குறைந்தால் நெருப்பு, இரண்டுக்கும் நடுவில் வாடிக்கையாளர்.

இதை நான் சரியாகச் சொல்வேனா என்று எழுத உட்கார்ந்ததிலிருந்தே கவலையாக இருக்கிறது. மூன்றாம் படிவத்தோடு பள்ளியை விட்டவள் நான். ஏதாவது ஓர் உதிரிப் பொருளின் பெயரை மாற்றிச் சொல்லிவிட்டால், அதைப் பிடித்துக்கொண்டு தொங்குவதற்கென்றே பினாங்கில் ஒரு கூட்டம் இருக்கிறது. அவர்களுக்குப் பொண்டாட்டியின் பிறந்தநாள் ஞாபகம் இருக்காது. டர்போவின் வரிசை எண் தலைகீழாகத் தெரியும். ஆகவே தப்பு இருந்தால் இப்போதே மன்னித்துவிடுங்கள். கணவர் ஓட்டும் காடியில் பக்கத்தில் உட்கார்ந்து, இல்லாத பிரேக்கைக் காலால் அழுத்திப் பழகிய அக்கா தங்கைகள் மட்டுமாவது என் பக்கம் நிற்பீர்கள் என்று நம்பி ஆரம்பிக்கிறேன்.

வேலை கிடைத்த விதம்

எங்கள் பட்டறை சுங்கை பினாங்கில், அடுக்குமாடி வீடுகளுக்குப் பின்னால் இருக்கிறது. ஒழுங்காக ஓடுகிற காடி எதுவும் அங்கே வராது. வாங்கியபோது நன்றாக ஓடியதைப் பிரித்து, பெரிய டர்போ, பெரிய குழாய் எல்லாம் மாட்டி, இனி நகராது என்ற நிலைக்குக் கொண்டுவந்த பிறகு, கொஞ்சம் ட்யூன் பண்ணிக் கொடுங்கள் அண்ணே என்று இழுவை வண்டியில் ஏற்றிக்கொண்டு வருவார்கள். எஞ்சினுக்குள் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்கள் எவ்வளவு நேரம் திறந்திருக்க வேண்டும் என்று காடியின் கம்ப்யூட்டர் பெட்டிக்குச் சொல்லிக் கொடுப்பது என் வீட்டுக்காரர் மணியத்தின் வேலை.

பாதி வேலையைப் பட்டறையில் நிறுத்தி வைத்தே முடிக்கலாம். மீதியை முழு வேகத்தில் ஓட்டித்தான் பார்க்க வேண்டும். அதற்காக ஞாயிறு காலை கடலுக்கு மேல் போகும் இரண்டாம் பாலத்தைத் தாண்டி பத்து காவானுக்குப் போவோம். தொழிற்சாலைச் சாலைகள் அப்போது வெறிச்சோடிக் கிடக்கும். ஓட்டுகிறவர் சாலையைப் பார்க்க வேண்டும் என்பதால், இடது பக்கச் சீட்டில் ஒருவர் மடிக்கணினியை வைத்துக்கொண்டு, காற்றும் பெட்ரோலும் என்ன கணக்கில் கலக்கின்றன என்ற எண்ணைச் சத்தமாகப் படிக்க வேண்டும். பன்னிரண்டை ஒட்டி இருந்தால் நல்லது. பதின்மூன்றைத் தாண்டினால் பெட்ரோல் போதவில்லை, உள்ளே சூடு ஏறி பிஸ்டன் உருகிவிடும். அந்த நேரத்தில் ‘விடு’ என்று சொல்ல வேண்டும். மணியம் உடனே ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுக்க வேண்டும். இதுதான் ஒப்பந்தம்.

அந்தச் சீட்டில் பல வருடம் உட்கார்ந்தவர் பரமு. ஒருநாள் அதே பத்து காவானில் ஏர்கோன் போட்ட தொழிற்சாலையில் வேலை கிடைத்துப் போய்விட்டார். அவர் இடத்துக்கு ஆள் தேடிக் கிடைக்காமல், கடைசியில் வீட்டிலேயே ஓர் ஆள் சும்மா இருக்கிறாள் என்று மணியத்துக்கு ஞாபகம் வந்தது. சமைத்து, துவைத்து, பட்டறைக்கு வரும் தொலைபேசியை எல்லாம் எடுத்துக்கொண்டு சும்மா இருந்தவள் நான்தான். எனக்கோ பாலத்தில் பஸ்ஸில் போனாலே கண் தானாக மூடிக்கொள்ளும். என்ன செய்யணும் பரமு, கஷ்டமா என்று கேட்டேன். அவர் தன் சாமான்களைப் பையில் போட்டுக்கொண்டே சொன்னார்: “சுலபம்தான் அக்கா. கண்ண மூடாம இருந்தீங்கன்னா போதும்.”

குழம்புப் பாடம்

கல்யாணத்துக்கு முன்னால் பாயான் லெப்பாஸில் ஓர் எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் திரையில் ஓடும் எண்களைப் பார்ப்பதுதான் எனக்கு வேலை. எண் எல்லை தாண்டினால் மெஷினை நிறுத்த வேண்டும். அதனால் இந்த வேலை எனக்குப் புரியாத ஒன்றில்லை. மணியத்திடம் ஒரே ஒரு சந்தேகம்தான் கேட்டேன்: பன்னிரண்டரை வந்ததும் சொல்லவா, பதின்மூன்று வரட்டும் என்று காத்திருக்கவா?

அவர் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு, வகுப்பு எடுப்பவர் மாதிரி கையைத் துடைத்துக்கொண்டார். எனக்கு விளங்குகிற பாஷையில் சொல்லிவிட வேண்டும் என்று ஒரு கருணை அந்த முகத்தில். “உனக்கு எதுக்குப் புள்ளிக் கணக்கெல்லாம் சரசு? குழம்பு கெட்டியா இருக்கா, தண்ணியா இருக்கான்னு மட்டும் பாத்துச் சொல்லு.”

தினேஷின் வெடி

கைத்தொலைபேசிக் கடை வைத்திருக்கும் தினேஷ் எங்கள் நிரந்தர வாடிக்கையாளர். எவ்வளவு செய்து கொடுத்தாலும் ‘இன்னும் கொஞ்சம்’ என்பார். கோயில் பிரசாதத்தில் கூட இரண்டாவது தடவை கை நீட்டுகிற ரகம். ஒருமுறை வேகத்தோடு வெடியும் வேண்டும் என்றார். ஆக்சிலேட்டரை விட்ட பிறகும் கொஞ்சம் பெட்ரோலைப் புகைக்குழாய்க்கு அனுப்பினால் அது அங்கே போய்ப் பட் பட்டென்று வெடிக்கும். அதைக் கேட்டு ரோட்டில் போகிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். திரும்பிப் பார்த்து என்ன சொல்வார்கள் என்பது காடிக்குள் கேட்காது, அது ஒரு வசதி.

செய்து கொடுத்தோம். அடுத்த வாரம் வாடிய முகத்தோடு வந்து நின்றார். அவர் குடியிருப்பது எங்கள் பட்டறைக்கு முன்னால் உள்ள அடுக்குமாடியில். வேலை முடிந்து வீடு திரும்பியபோது கீழ்வீட்டுச் சீனக் கிழவர் தீபாவளி முடிந்துவிட்டதே என்று விசாரித்தாராம். மேல்வீட்டுக் கைக்குழந்தை அலறி அழுததாம். எல்லாவற்றுக்கும் மேல், பெண் வீட்டிலிருந்து வந்து தங்கியிருக்கும் மாமியார் இதெல்லாம் ஒரு காடியா என்று கேட்டுவிட்டாராம். அப்படியானால் வெடியை எடுத்துவிடலாமா என்று மணியம் கேட்டார். அதற்கு மனசு வரவில்லை தினேஷுக்கு. ரொம்ப நேரம் யோசித்துவிட்டுக் கேட்டார்: “அண்ணே, எங்க ரோட்டுக்குள்ள வரும்போது மட்டும் அதுவா வாய மூடிக்கிற மாதிரி செய்ய முடியுமா?”

லிட்டில் இந்தியாவில் ஒரு கரும்புகை

குலா லிட்டில் இந்தியாவில் ஒரு நகைக்கடையில் தங்கம் நிறுத்துக் கொடுப்பவர். தராசு முள் ஒரு மயிரிழை ஆடினாலும் மூச்சைப் பிடித்துக்கொள்ளும் மனிதர். அப்பேர்ப்பட்டவர் தன் குட்டிக் காடிக்கு இன்ஜெக்டர் வாங்கும்போது, பந்தயக் காடிக்குப் போடுவதிலேயே பெரியது எதுவோ அதை வாங்கி வந்தார். ஏன் என்று கேட்டால், பெரிசாக இருந்தால் பின்னால் உதவும் அல்லவா என்றார். வளர்கிற பிள்ளைக்குத் தீபாவளிச் சட்டை எடுப்பதுபோல எஞ்சினும் நாளைக்கு வளரும் என்று நினைத்திருக்கிறார்.

அத்தனை பெரிய இன்ஜெக்டரைக் கணக்கு மாற்றாமல் ஓட்டக் கூடாது, வெள்ளிக்கிழமை வரை காத்திருங்கள் என்று மணியம் படித்துப் படித்துச் சொன்னார். குலாவுக்குப் பொறுக்கவில்லை. நண்பர்களிடம் காட்டுவதற்காக அப்படியே ஓட்டிக்கொண்டு போய்விட்டார். நெரிசலில் புடவைக்கடைக்கு நேர் முன்னால் காடி நின்று நின்று நகர்ந்தது. உள்ளே போன பெட்ரோலில் பாதி எரியவே இல்லை. கரும்புகையாக வெளியே வந்து, வாசலில் தொங்கவிட்டிருந்த வெளிர் நிறப் புடவைகள் மேல் சாவகாசமாகப் படிந்தது. எங்களைத் தொலைபேசியில் கூப்பிட்டு, காடியை எப்படி அணைப்பது என்று குலா கேட்டுக்கொண்டிருக்கும்போதே பின்னால் புடவைக்கடைக்காரரின் குரல் எனக்குத் தெளிவாகக் கேட்டது: “தம்பி, உங்க காடிக்கு வயித்தால போகுது. வேற எங்கயாவது கொண்டுபோய் வெளிக்கு இருக்க விடுங்க.”

போலீஸ்காரரின் சந்தேகம்

ஒரு ஞாயிறு பத்து காவானில் மூன்றாவது ஓட்டம் முடிந்து திரும்பும்போது ரோந்துக் காடி எங்களை ஓரங்கட்டச் சொன்னது. இறங்கி வந்தவர் நம் ஆள்தான். மணியம் தொழில், பட்டறை, சோதனை ஓட்டம் என்று விளக்கிக்கொண்டே போனார். அவர் மணியத்தைக் கவனிக்கவில்லை, என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். மடிக்கணினி விழாமலிருக்க அதை என் இடுப்போடு துப்பட்டாவால் கட்டியிருந்தேன். ஒரு கை மேலே உள்ள பிடியில். மற்றொரு கை கதவில். தலையில் வைத்த பூ பின்சீட்டில் கிடந்தது. உதடு மட்டும் முருகனைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது, காடி நின்றது அதற்குத் தெரியவில்லை.

அவர் மணியத்தைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு என் பக்கத்துக் கண்ணாடி அருகே குனிந்தார். எத்தனையோ குடும்பங்களைப் பார்த்த அனுபவம் அந்தக் குரலில் இருந்தது. “அக்கா, பயப்படாமச் சொல்லுங்க. நீங்களா விரும்பித்தான் இதுல ஏறினீங்களா?”

மணியத்தின் அகராதி

போலீஸ்காரருக்கு நான் உடனே பதில் சொல்லாமல் கொஞ்சம் யோசித்தேனாம். அதில் மணியத்துக்குக் கோபம். அதைவிடப் பெரிய கோபம், நான் ‘விடு’ என்று சீக்கிரம் சொல்லிவிடுகிறேன் என்பது. உண்மைதான். பன்னிரண்டரை தாண்டினாலே என் வாய் திறந்துவிடும். பதின்மூன்று வரட்டும் என்று அவரால் காத்திருக்க முடியும், ஏனென்றால் எண்ணைப் பார்ப்பது அவரில்லை. பயந்தவளை அந்தச் சீட்டில் உட்கார வைத்ததே அதற்குத்தானே என்று நான் கேட்டேன்.

அதற்குப் பிறகு நான் ‘விடு’ என்றாலும் அவர் கால் கொஞ்சம் தாமதித்தே மேலே வந்தது. முதலில் என் கற்பனையோ என்று நினைத்தேன். ஒருநாள் பட்டறையில் தினேஷுக்கும் இன்னும் நாலைந்து பேருக்கும் கோப்பி கொண்டுவந்தபோதுதான் காரணம் தெரிந்தது. எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள், மணியம் சொல்லிக்கொண்டிருந்தார்: “நம்ம சரசு ‘விடு’ன்னு சொன்னா, இன்னும் ரெண்டு வினாடி இருக்குன்னு அர்த்தம் லா.”

நானும் சிரித்தேன். என்ன செய்வது, கையில் கோப்பித் தட்டு இருந்தது.

திருநீறு

புவனன் துறைமுகத்தில் வேலை பார்ப்பவர். தன் காடியின் எஞ்சினை அடிமுதல் மாற்றி, டர்போ போட்டு, எங்களிடம் கொண்டுவந்தார். அதை ட்யூன் செய்தது போல் ஒழுங்காக நாங்கள் எதையும் செய்ததில்லை. பொது விடுமுறையாக வந்த ஒரு சனிக்கிழமை, கடைசி ஓட்டத்தில் எண் பன்னிரண்டை விட்டு அசையவே இல்லை. எனக்கே ‘விடு’ சொல்ல வாய்ப்பு வரவில்லை. மறுநாள் நல்ல நேரம் பார்த்துப் பூஜை போட்டு, ஒரே ஒரு முறை ஓட்டிக் காட்டிவிட்டுச் சாவியைக் கொடுப்பதாக ஏற்பாடு.

புதிதாகச் செய்த எந்த எஞ்சினுக்கும் நாங்கள் பூஜை போடாமல் இருந்ததில்லை. சூடம் காட்டி, தேங்காய் உடைத்து, சக்கரத்துக்கு ஒன்றாக எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிவிட்டுத்தான் வாசலைத் தாண்டுவோம். அன்றைக்குப் புவனனின் அம்மாவே வந்து எல்லாவற்றையும் முன்னின்று செய்தார். நாங்கள் இரண்டு பேரும் பக்கத்துக் கடையில் பசியாறப் போனோம். திரும்பியபோது எஞ்சின் மூடியெல்லாம் சந்தனமும் குங்குமமுமாக அம்மன் மாதிரி இருந்தது.

பத்து காவானில் மணியம் மூன்றாவது கியர் போட்டு அழுத்தினார். பன்னிரண்டு என்று படித்தேன். உடனே பன்னிரண்டு புள்ளி ஏழு. விடு என்றேன். கால் மேலே வரவில்லை. அவருக்குத்தான் இன்னும் இரண்டு வினாடி இருந்ததே. பதின்மூன்றரை. விடுங்க என்று கத்தினேன். பதினான்கு. பிஸ்கட் டின்னில் கல்லைப் போட்டுக் குலுக்குகிற மாதிரி ஒரு சத்தம், அப்புறம் ஒரு வெடி, அப்புறம் எதுவுமே கேட்கவில்லை. முன்னால் வெள்ளைப் புகை. எஞ்சின் செத்ததும் ஸ்டியரிங் கல்லாகிவிட்டது. காடி புல்மேட்டில் ஏறி, சறுக்கி, லோங்கான் என்கிற பெரிய சாக்கடைக் கால்வாயின் விளிம்பில் நின்றது. என் பக்கத்து முன்சக்கரம் அந்தரத்தில். கதவைத் திறந்து காலை வைக்கப் பார்த்தேன். கீழே ஆழத்தில் கறுப்புத் தண்ணீர், அதன் கரையில் ஓர் உடும்பு தலையைத் தூக்கி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. கதவைச் சாத்திவிட்டேன். மணியத்தின் வாயிலிருந்து முதலில் வந்தது, கொஞ்சம் சத்தமாச் சொல்லியிருக்கக் கூடாதா என்பதுதான். அவர் இறங்கிய பிறகு, அவர் சீட்டைத் தாண்டி, மடிக்கணினி இடுப்பில் கட்டியபடியே தவழ்ந்து வெளியே வந்தேன். மேட்டில் உட்கார்ந்து, இரண்டு காலையும் தரையில் பதித்து வைத்துக்கொண்டேன்.

பட்டறைக்கு இழுத்துவந்து பிரித்தார்கள். பிஸ்டனில் விரல் நுழைகிற ஓட்டை. நேற்றுச் சரியாக இருந்த கணக்கு இன்றைக்கு எப்படிக் கெட்டது என்று மணியத்துக்குப் புரியவில்லை. காற்றுக்குழாயைக் கழற்றிய பிறகு புரிந்தது. உள்ளே எவ்வளவு காற்று போகிறது என்று அளப்பதற்கு மயிர் போன்ற ஒரு கம்பி இருக்கும். அதன்மேல் திருநீறு பட்டை பட்டையாக அப்பியிருந்தது. கம்பிக்குக் காற்று தெரியவில்லை. காற்று குறைவு என்று நினைத்துக் கம்ப்யூட்டர் பெட்டியும் பெட்ரோலைக் குறைத்துவிட்டது. வெளியே பூசினால் மட்டும் போதாது, உள்ளேயும் கொஞ்சம் போகட்டும் என்று அம்மா சொன்னதால், புவனன் காற்று வடிகட்டியைக் கழற்றிக் கொடுக்க, அம்மா ஒரு பிடி அள்ளிக் குழாயின் வாய்க்குள் போட்டு வேண்டிக்கொண்டாராம். மணியம் அந்தக் கம்பியை அந்த அம்மாவின் கையிலேயே கொடுத்தார். அவர் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்துவிட்டுச் சொன்னார்: “பாத்தீங்களா, இது உள்ள இருக்கப் போய்த்தான் நீங்க ரெண்டு பேரும் உசுரோட வந்து நிக்கிறீங்க.”

சீட்டு மாறியது

இரண்டு வினாடி நகைச்சுவையை மணியம் அன்றோடு விட்டுவிட்டார். மறுநாள் காலை நானே பேச்சை எடுத்தேன். இனி அந்தச் சீட்டில் நான் ஏறமாட்டேன். எண்ணை யார் வேண்டுமானாலும் படிக்கலாம், ஆகவே யாருடைய காடியோ அவரே உட்காரட்டும். வாடிக்கையாளர் ஓடிவிடுவார் என்றார் மணியம். ஓடட்டும், அவருக்காவது ஓடத் தெரிகிறதே என்றேன். ஓட்டத்தின் கணக்கெல்லாம் மடிக்கணினியில் பதிவாகிவிடும். அதைப் பட்டறை மேசையில் வைத்துப் பார்த்துச் சொல்கிறேன், அங்கே லோங்கான் இல்லை.

முதலில் மாட்டியவர் தினேஷ். வழக்கம்போல் ‘இன்னும் கொஞ்சம்’ கேட்டுத்தான் வந்திருந்தார். மடிக்கணினியை அவர் இடுப்போடு என் துப்பட்டாவால் நானே கட்டிவிட்டேன். எண்ணைப் படிக்கணும், பதின்மூன்று வந்தால் ‘விடு’ சொல்லணும், சுலபம்தான் தம்பி, கண்ணை மூடாமல் இருந்தால் போதும் என்றேன். சிரித்துக்கொண்டேதான் போனார். நான் சாலையோரம் நிழலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். தூரத்தில் எஞ்சின் உறுமுவது கேட்டது. இரண்டாவது கியரிலேயே உறுமல் நின்றுவிட்டது. திரும்பி வந்தபோது மணியம் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். எண் பதினொன்றரையைக் கூடத் தாண்டவில்லையாம், தினேஷ் நாலு தடவை ‘விடு’ சொல்லியிருக்கிறார், நாலு தடவையும் மணியத்தின் கால் அந்த நொடியே மேலே வந்திருக்கிறது. வாடிக்கையாளர் சொன்னால் கேட்க வேண்டும் அல்லவா. தினேஷ் இறங்கி நேராக என்னிடம் வந்தார். துப்பட்டாவின் முடிச்சை அவிழ்க்க அவரால் முடியவில்லை. நான் அவிழ்த்துவிட்டேன். அப்போது மெல்லச் சொன்னார்: “அக்கா, அண்ணன்கிட்ட சொல்லிடுங்க. இருக்குற வேகமே போதும்.”

எத்தனையோ கூட்டிக் குறைத்துப் பார்த்த எங்கள் தொழிலில், காடிக்காரரைத் தன் காடியிலேயே இடது பக்கம் உட்கார வைத்தபோதுதான் எல்லா எஞ்சினும் ஒரே நாளில் சரியாயிற்று என்பதை, பத்து காவான் சாலையோரத்து நாற்காலியில் இரண்டு காலும் தரையில் படக் கோப்பி குடித்துக்கொண்டு தெரிவித்துக்கொள்கிறேன்.